கோடு போட்ட குருவி

ஊட்டிக்குப் போகிறவர்கள் மலர்க் காட்சியைப் பார்ப்பார்கள்; ஏரியில் படகுச் சவாரி செய்வார்கள்; வர்க்கியும் தைலமும் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். அவலாஞ்சி, மேல்பவானிப் பக்கத்துப் புல்மலைகளில், காலடியிலிருந்து விருட்டென்று எழும்பும் ஒரு சிறு பறவையை யாரும் பொருட்படுத்துவதில்லை. "ஏதோ வானம்பாடி!" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்கள்.

அது வானம்பாடி அல்ல. நீலகிரி நெட்டைக்காலி என்று அதற்குப் பெயர். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியிலுள்ள உயரமான புல்வெளிகளைத் தவிர, உலகில் வேறெங்கும் அதைக் காண முடியாது. ஷார்ப் என்ற ஆங்கிலேயப் பறவை நிபுணர் 1885-இல் அதைத் தனி இனமாக விவரித்து, அதற்கு நீலகிரியின் பெயரையே சூட்டினார்.

அடையாளம் காண்பது எப்படி? நெட்டைக்காலிக் கூட்டமே சாக்குத் துணி நிறந்தான்; ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்கும். ஆனால் நம் ஊர் வயல் நெட்டைக்காலிக்கு மார்பில் மட்டுமே கோடுகள் உண்டு. விலாப்புறம் வெறுமையாக இருக்கும். நீலகிரிப் பறவைக்கோ மார்பில் தொடங்கும் கருங்கோடுகள் விலா வரையில் ஓடும். உடலின் பழுப்பும் சற்று அழுத்தமானது. விரட்டினால் பக்கத்துப் புதரிலோ, தாழ்ந்த மரத்திலோ போய் உட்கார்ந்துகொள்ளும்.

புல்லுக்குள் நடந்து பூச்சி பிடித்துத் தின்பதும், புல் தூரின் அடியில் தரையிலேயே கூடு கட்டுவதும் அதன் வழக்கம். ஆகவே, புல் போனால் சோறும் போயிற்று, வீடும் போயிற்று! அதுதான் நடந்தது. வெள்ளைக்காரர் கண்ணுக்கு அந்தப் புல்மலைகள் வெறும் தரிசாகப் பட்டன. விறகுக்காகக் கற்பூர மரம் வந்தது. தோல் பதனிடப் பட்டை வேண்டுமென்று சீகை மரம் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் இந்த நடவு நிற்கவில்லை. ரேயான் ஆலைக்கு மரக்கூழ் வேண்டியிருந்தது. தோடர்களின் எருமைகளுக்கு மேய்ச்சல் நிலம் குறுகிற்று. தேயிலை விழுங்கிய புல்வெளியும் கொஞ்சமல்ல. மரம் நடுவது புண்ணியம் என்றுதான் நாமெல்லாம் படித்திருக்கிறோம். இந்தக் குருவியைக் கேட்டால் வேறு கதை சொல்லும்!

இப்போது சில இடங்களில் வனத்துறையினர் சீகையை அகற்றிவிட்டுப் புல்லை மீட்கப் பார்க்கிறார்கள். மண்ணில் கிடக்கும் பழைய விதைகள் மறுபடி மறுபடி முளைப்பதால் அது லேசான வேலையல்ல.

பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு யோசனை. குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வரும் வேறு நெட்டைக்காலிகளுக்கும் விலாவில் கோடு உண்டு, ஏமாந்துவிடலாம். கோடை சீசனில் அவை ஊர் திரும்பியிருக்கும். மே மாதத்தில், விலா வரை கோடு போட்ட நெட்டைக்காலி ஒன்று புல்மலையில் தென்பட்டால், அது நீலகிரிக்காரன்தான்.