உப்பு, ரத்தக்குழாய், மறதி

நியூயார்க்கின் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் கோஸ்டான்டினோ இயடெகோலா என்ற நரம்பியல் விஞ்ஞானியின் குழு, எலிகளுக்கு வழக்கத்தைவிட எட்டு முதல் பதினாறு மடங்கு உப்பு சேர்த்த தீனி போட்டுப் பார்த்தது. 2018இல் முடிவுகள் வெளியாயின. அந்த எலிகளின் மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்தது. ஏற்கெனவே பார்த்த பொருள் எது, புதியது எது என்று பிரித்தறியத் தெரியவில்லை. கூடு கட்டக்கூடத் தடுமாறின. இத்தனைக்கும் அவற்றுக்கு பி.பி. ஏறவில்லை.

வினை தொடங்கியது குடலில். மிகுந்த உப்பு, சிறுகுடலில் ஒருவகை நோய் எதிர்ப்பு செல்களைப் பெருக்கிவிட்டது. அவை சுரந்த இன்டர்லூக்கின்-17 என்ற அழற்சிப் பொருள் ரத்தத்தில் கலந்து, மூளையின் ரத்தக்குழாய்களுக்குப் போய்ச் சேர்ந்தது. குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்தால்தான் குழாய் தளர்ந்து விரியும். அந்தச் சுரப்பு குறைந்துபோனது. உடல் எடையில் இரண்டு சதவீதமே இருக்கும் மூளை, நாம் இழுக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. நாளைக்கென்று எதையும் சேர்த்துவைப்பதில்லை. வரத்து குறைந்தால் அதற்குத் தாங்காது. பழைய தீனிக்குத் திரும்பிய எலிகளுக்கு ரத்த ஓட்டம் மீண்டும் சீரானது. இதைப் படித்தபோது எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

எலியின் கணக்கு அப்படியே மனிதருக்குப் பொருந்தாது. ஆனால் நாளைக்கு ஐந்து கிராமுக்குள் உப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்ல, இந்தியர்கள் சராசரியாக எட்டு கிராம் சாப்பிடுகிறோம். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு எதுவும் இல்லாமல் ஒருவேளைச் சோறு இறங்குவதில்லை.

மாடம்பாக்கத்தில் எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அம்மா பி.பி. மாத்திரையைத் தானாகவே நிறுத்தினார், தலைசுற்றல் இல்லையே என்று. பல வருடம் கழித்து ஸ்கேனில், மூளையின் நுண்ணிய ரத்தக்குழாய்களில் அங்கங்கே அடைப்பு இருந்த தடங்கள் தெரிந்தன. கடைசிக் காலத்தில் என்னை மகள் என்று அவருக்குத் தெரியவில்லை. "டீச்சரம்மா, எங்க வீட்டுக்குச் சொல்லி அனுப்புங்களேன்" என்பார். உயிரியல் பாடம் நடத்திய டீச்சர்தான் நான்.

அதனால்தான் விஜயலட்சுமி ரவீந்திரநாத்தின் பணியை இவ்வளவு பெரிதாக மதிக்கிறேன். சென்னையில் பிறந்தவர். மானேசரில் தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தை உருவாக்கியவர். பெங்களூரு இந்திய அறிவியல் கழக வளாகத்தில் உள்ள மூளை ஆராய்ச்சி மையத்தின் மூலம், கோலார் மாவட்டம் ஸ்ரீனிவாசபுராவில் நீண்டகால ஆய்வொன்றைத் தொடங்கினார். 45 வயதைத் தொட்ட கிராமத்து மக்கள் பத்தாயிரம் பேரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர வேண்டும் என்பது இலக்கு. நினைவுச் சோதனையோடு கழுத்து ரத்தக்குழாய் ஸ்கேன், எக்கோ, ரத்தப் பரிசோதனை, எம்.ஆர்.ஐ. எல்லாம் உண்டு. மறதி நோய் பற்றிய அறிவு பெரும்பாலும் மேலைநாட்டு உடல்களிலிருந்து வந்தது. நம் சாப்பாடு, நம் சுகர், நம் மரபணு என்ன செய்கின்றன என்று அறிய, மறதி வருவதற்கு முன்பிருந்தே நம்மவர்களைப் பார்த்துவர வேண்டும்.

அந்த விடைகள் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் 50 வயது தாண்டிய, பி.பி. உள்ள ஒன்பதாயிரம் பேருக்கு மேல் நடந்த ஸ்பிரிண்ட் ஆய்வின் முடிவு 2019இல் வந்தது. மேல் அளவை 140க்குள் வைத்தவர்களைவிட, 120க்குள் கொண்டுவர முயன்றவர்களிடம் லேசான நினைவுக் குறைபாடு 19 சதவீதம் குறைவு. முழுமையான மறதி நோய் குறைந்ததா என்று அந்த ஆய்வால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எந்த அளவு யாருக்குச் சரி என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் தன்னார்வலர்கள் வீட்டு வாசலுக்கே வந்து பி.பி., சுகர் பார்த்து மாத்திரை தருகிறார்கள். "எனக்குத்தான் ஒண்ணும் பண்ணலையே டீச்சர், எதுக்கு மாத்திரை?" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. "ஒண்ணும் பண்ணாத இப்பவே போடும்மா. எங்கம்மா நிறுத்தினதும் உன் வயசுலதான்" என்றேன்.