பன்னாட்டு நிறுவனங்களும் அயல்நாட்டுப் பணியாளரும்

காவிரிப்பூம்பட்டினத்தில் பல மொழி பேசும் அயல்நாட்டார் ஊர்மக்களோடு கலந்து வாழ்ந்த செய்தியைப் பட்டினப்பாலை கூறும். வந்தவர்க்கு அன்று ஊர் இடங்கொடுத்தது. இன்று அப்பொறுப்பு, ஆட்களைக் கடல் கடந்து அழைத்துச் செல்லும் பன்னாட்டு நிறுவனங்களைச் சார்ந்ததாகும்.

மேலாண்மை நூலார் இப்பொறுப்பை மூன்று கட்டங்களாகப் பகுப்பர். புறப்படுமுன் தக்காரைத் தேர்ந்து, செல்லும் நாட்டின் மொழியையும் வழக்கங்களையும் பயிற்றுவித்தல். பணியிடத்தில் உறையுள், மருத்துவம், குடும்ப நலம் பேணுதல். பணி முடிந்து மீள்வோரின் பட்டறிவைத் தாயகத்தில் பயன்கொள்ளுதல். 1996-ல் ஹூண்டாய் நிறுவனம் தமிழகத்தில் கால்கொண்ட பின்னர்க் கொரியப் பொறியாளர்கள் பலர் குடும்பத்துடன் சென்னையில் குடியேறினர். அவர்தம் உணவகங்கள் அந்நகரில் தோன்றின. 2006-ல் இந்திய-கொரியப் பண்பாட்டு மையமும் அமைந்தது.

இனி நம் பக்கம் வருவோம். லப்பைக்குடிக்காட்டிலிருந்தும் வி.களத்தூரிலிருந்தும் வளைகுடா செல்வோரும் அயல்நாட்டுப் பணியாளரே. ஆயினும் ஒரே கட்டுமானத் தளத்தில் ஐரோப்பிய மேலாளர் 'எக்ஸ்பாட்ரியேட்' எனப்படுவார். நம்மூர்க் கொத்தனார் 'லேபர்' எனப்படுவார். தமிழாசிரியன் ஆதலின் சொல்லைப் பிடித்துக் கொள்கிறேன், பொறுத்தருள்க. இச்சொல் வேறுபாட்டால் முன்னவர்க்கு மூன்று கட்டங்களும் கிட்டுகின்றன. பின்னவர்க்குப் பெரும்பாலும் விசாவும் விமானச் சீட்டுமே கிட்டுகின்றன.

என் சிறிய தந்தையார் வளைகுடா நாடொன்றில் பாரந்தூக்கி இயக்கியவர். அவருடைய கடவுச்சீட்டை நிறுவனத்தார் வாங்கி வைத்திருந்தனர். என் பாட்டியார் மறைந்தபோது அதனைத் திரும்பப் பெறவே நான்கு நாட்களாயின. தாயின் ஜனாஸாவைக் காணாமல், மண் காய்ந்த கபுறின் முன்னர்தான் அவர் வந்து நின்றார்.

வேலை தருபவரே தங்கும் உரிமைக்கும் பொறுப்பாளராய் நிற்கும் 'கஃபாலா' முறையே இத்தகைய அவலங்களுக்கு வேர். அண்மைக் காலத்தில் சட்டங்கள் ஓரளவு மாறியுள்ளன. பணியாளரின் கடவுச்சீட்டைப் பிடித்து வைத்தல் கத்தார் நாட்டுச் சட்டப்படி குற்றம். முதலாளியின் இசைவுச் சான்றின்றியே வேறு பணிக்கு மாறும் உரிமையை அந்நாடு 2020-ல் அளித்தது. ஊதியத்தை வங்கி முதலிய முறையான வழியில் செலுத்தும் ஏற்பாட்டை ஐக்கிய அரபு அமீரகம் 2009-ல் கொணர்ந்தது. நம் நாட்டில் 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் உண்டு. பத்தாம் வகுப்புத் தேறாதோர் குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல அரசின் முன்னனுமதி வேண்டும். இதனைத் தொல்லையெனக் கருதிச் சுற்றுலா விசாவில் பறப்போர், ஒப்பந்தம் என்னும் ஒரே கவசத்தையும் களைந்துவிட்டுப் போகின்றனர்.

மூன்றாம் கட்டமோ நம்மிடையே பெயரளவிலும் இல்லை. சிறிய தந்தையார் அரபியும் உருதும் மலையாளமும் பேசுவார். பல நாட்டாரோடு ஒரே அறையில் பல்லாண்டு வாழ்ந்தவர். ஊர் திரும்பிய அவரிடம் வீட்டுக்கு என்ன கட்டினீர் என்று கேட்டவர் பலர். என்ன கற்றீர் என்று கேட்டவர் ஒருவரும் இலர்.

இப்போது காற்று எதிர்த்திசையிலும் வீசுகிறது. பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் 2023-ல் காலணித் தொழிற்சாலை திறக்கப்பட்டது. அரியலூர் மாவட்டம் ஜெயங்கொண்டத்தில் தைவான் நாட்டு நிறுவனமொன்றின் ஆலைக்கு 2024-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. இத்தகைய ஆலைகள் எழும்போது அயல்நாட்டு வல்லுநர் சிலரேனும் வந்து தங்குவது இயல்பு. அவர்தம் உணவும் பேச்சும் சினமும் நம் பெண்பிள்ளைகளுக்குப் புதியனவாக இருக்கும். நம் நோன்பும் திருவிழாவும் அவர்களுக்குப் புதியனவாக இருக்கும். அந்நியர்க்கு நடுவே வாழ்ந்து மீண்டவர்கள் நம் தெருதோறும் இருக்கின்றனர். இருசாராருக்கும் இடையே நின்று பேசவல்லார் அவர்களே. அவர்களைத் தேடி அழைப்பதற்கு நிறுவனங்கள் பெருஞ்செலவு செய்ய வேண்டியதில்லை. ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் திண்ணையில் ஒருமுறை விசாரித்தாலே போதும்.