லூயிவில் நகரம் ஏன் அங்கே எழுந்தது?

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் தொடங்கும் ஒஹாயோ ஆறு, மிசிசிப்பி ஆற்றில் கலக்கும்வரை சுமார் 1,580 கிலோமீட்டர் ஓடுகிறது. இத்தனை நீளத்திலும் படகுகளை மறித்த பெரிய இயற்கைத் தடை ஒன்றே ஒன்றுதான். அங்கே சுண்ணாம்புப் பாறைமேல் மூன்று கிலோமீட்டருக்குள் ஆறு எட்டு மீட்டர் இறங்கிவிடும். 1778இல் லூயிவில் அங்கேதான் தொடங்கியது.

தடை எப்படி ஊரை வளர்க்கும்? நீர் குறைந்த மாதங்களில் சரக்கை இறக்கி, வண்டியில் கொண்டுபோய், பாறைகளுக்குக் கீழே வேறு படகில் ஏற்றவேண்டும். அதற்கு வண்டிகள், கிட்டங்கிகள், விடுதிகள், ஏராளமான ஆட்கள் தேவைப்பட்டார்கள். அந்த உழைப்பில் பெரும்பங்கு அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்களுடையது. ஊரின் செல்வத்தைப் பேசும்போது அதை மறைப்பது அநியாயம். 1811இல் வந்த ‘நியூ ஆர்லியன்ஸ்’ நீராவிப் படகே பாறைகளைத் தாண்ட, ஆற்றில் நீர் உயரும்வரை வாரக்கணக்கில் காத்திருந்தது.

1830இல் பாறைகளைச் சுற்றிக் கால்வாய் திறந்தார்கள். படகு உள்ளே வந்ததும் இருபுறமும் கதவை மூடி, நீரை ஏற்றியோ வடித்தோ அதை அடுத்த மட்டத்துக்குக் கொண்டுபோகும் அடைப்புத்தொட்டிகள் அதில் இருந்தன. படகுகள் பெருக்கவே கால்வாய் போதாமல் போய், பலமுறை அகலப்படுத்தினார்கள். இன்றும் சரக்குப் படகுகள் அவ்வழியேதான் செல்கின்றன.