எல்லையில்லா வேகம் யாருக்கு?

வீதியோரத்தில் குடியிருப்பவர்களுக்கு வீதி என்பது போக்குவரத்துக்கு மட்டும் உரியதன்று. அறுவடைக் காலத்தில் அதுவே நெல் காயவிடும் களம். காலையில் பிள்ளைகள் பாடசாலைக்கு நடந்து போகும் பாதையும் அதுதான். பொழுதுபடும் நேரத்தில் கட்டாக்காலி மாடுகள் சூடு தேடிப் படுப்பதும் அதே தாரின் மேல்தான். சொந்தக் காணியை விட்டு வந்து, கிடைத்த இடத்தில் கொட்டில் போட்டவர்களுக்குப் பெரும்பாலும் வீதிக்கரையே வாய்க்கிறது. ஆகவே வாகனங்கள் எவ்வளவு வேகமாகப் போகலாம் என்பது சாரதிகள் மாத்திரம் பேசி முடிக்க வேண்டிய விடயமல்ல என்பதை நாம் அனுபவத்தில் அறிவோம்.

வேகத்துக்கு எல்லையே வேண்டாம் என்று ஓர் அரசாங்கம் தீர்மானித்தால் என்ன நடக்கும்? இது கற்பனைக் கேள்வியல்ல. அவுஸ்திரேலியாவின் வட பிராந்தியத்தில் இந்த விவாதம் பல ஆண்டுகளாக நடந்தது. எமக்கும் அதில் சிந்திக்க வேண்டியவை உண்டு.

வட பிராந்தியம் பரப்பளவில் இலங்கையைப் போல இருபது மடங்கு பெரியது. அங்கே வாழ்பவர்களோ ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர்தான். வடக்கே டார்வின் நகரிலிருந்து நடுவே உள்ள அலிஸ் ஸ்பிறிங்ஸ் வரை ஸ்டுவர்ட் நெடுஞ்சாலை சுமார் 1,500 கிலோமீற்றர் ஓடுகிறது. வழியில் ஒரு சிற்றூரைக் காண மணிக்கணக்காக வாகனம் ஓட்ட வேண்டும். வேலியில்லாத மாட்டுப் பண்ணைகள், வீதியைக் கடக்கும் கங்காருக்கள், ஒன்றன்பின் ஒன்றாகப் பெட்டிகளைக் கோத்து 50 மீற்றருக்கு மேல் நீளும் "வீதி ரயில்" லொறிகள் என்று அது ஒரு தனி உலகம். 2007 ஜனவரி 1 வரை, ஊர்களுக்கு வெளியே பெரும்பாலான சாரதிகளுக்கு அங்கு வேக எல்லை இருக்கவில்லை. அன்றுதான் பிரதான நெடுஞ்சாலைகளில் மணிக்கு 130 கிலோமீற்றர் என்ற எல்லை வந்தது.

பலருக்கு அது பிடிக்கவில்லை. 2012இல் ஆட்சி மாறியது. புதிய அரசு 2014 பெப்ரவரியில், அலிஸ் ஸ்பிறிங்சுக்கும் பரோ கிறீக்குக்கும் இடையே சுமார் 200 கிலோமீற்றர் நீளத்துக்கு எல்லையைப் பரீட்சார்த்தமாக நீக்கியது. பின்னர் அந்தத் துண்டு நீட்டப்பட்டது. 2016இல் மீண்டும் ஆட்சி மாறவே, அந்த ஆண்டு நவம்பரில் 130 என்ற பலகை திரும்ப நாட்டப்பட்டது.

எல்லை வேண்டாம் என்றவர்களை வேகப் பித்தர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. அவர்களுடைய வாதத்தில் நியாயம் இருந்தது. நாள் முழுவதும் நேர்கோட்டில் வண்டியோட்டுபவனுக்கு உறக்கமே முதல் எதிரி. பயணம் சுருங்கினால் களைப்பும் சுருங்கும் என்றார்கள். மானியைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண் வீதியைப் பார்க்கட்டும் என்றார்கள். அந்தப் பிராந்தியத்தில் உயிர் குடிப்பவை மதுவும், ஆசனப்பட்டி அணியாமையுமே என்றும் சுட்டிக்காட்டினார்கள். இவை பெரும் காரணங்கள் என்பதை எதிர்த்தரப்பினரும் மறுக்கவில்லை. பரீட்சார்த்தத் துண்டில் வேகத்தால் உயிரிழப்பு நேரவில்லை என்றும் அரசுத் தரப்பு கூறியது.

ஆனால் வாகனங்கள் அரிதாக ஓடும் ஒரு வீதியில் ஓரிரு ஆண்டுகள் விபத்தின்றிக் கழிந்தால் அது எதை நிரூபிக்கும்? ஒரு போகம் நோயின்றி விளைந்ததை வைத்து இனி மருந்தே தேவையில்லை என்று எந்தக் கமக்காரனும் சொல்ல மாட்டான்.

கணக்கைப் பார்ப்போம். 200 கிலோமீற்றரை 130 வேகத்தில் கடக்க ஒரு மணி 32 நிமிடம் பிடிக்கும். 160இல் போனால் ஒரு மணி 15 நிமிடம். மிச்சம் 17 நிமிடம். அதற்குக் கொடுக்கும் விலை என்ன? ஆபத்தைக் கண்ட கண்ணிலிருந்து பிறேக்கை மிதிக்கும் காலுக்குச் செய்தி போக ஒன்றரை வினாடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். பிறகு சில்லுகள் ஓய வேண்டும். 100 வேகத்தில் வரும் நல்ல கார் உலர்ந்த வீதியில் நிற்க இரண்டுமாகச் சேர்த்து ஏறத்தாழ 97 மீற்றர் தேவை. 130இல் 147 மீற்றர். 180இல் 250 மீற்றருக்கும் மேல். வேகம் இரட்டித்தால் பிறேக் பிடித்த பின் ஓடும் தூரம் இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது என்பதே இதிலுள்ள சூட்சுமம். காரின் பெரிய வெளிச்சம் இரவில் நன்றாகக் காட்டும் தூரம் 150 மீற்றர் அளவில்தான். அதற்கு அப்பால் படுத்திருக்கும் மாட்டைச் சாரதி காணும்போதே காரியம் முடிந்துவிடும். சராசரி வேகம் நூற்றுக்கு ஒன்று கூடினால் உயிரிழப்பு விபத்துகள் ஏறக்குறைய நான்கு வீதம் கூடும் என்பது சுவீடன் ஆய்வாளர் நில்சன் வகுத்த கணிப்பு. உலக சுகாதார நிறுவனமும் அதை எடுத்தாள்கிறது. விபத்தில் சிக்கியோரைத் தைத்து எடுக்கும் சத்திரசிகிச்சை நிபுணர்களின் கல்லூரியே அங்கு எல்லை நீக்கத்தை வெளிப்படையாக எதிர்த்ததில் வியப்பில்லை.

திறமையான சாரதிக்கு எல்லை எதற்கு என்று கேட்போருக்கு அதே நெடுஞ்சாலை முன்பே ஒரு பதில் வைத்திருந்தது. 1994 மே மாதம் அங்கு விரைவுக் கார்ப் போட்டியொன்று நடந்தது. அலிஸ் ஸ்பிறிங்ஸ் பகுதியில் ஒரு கார் கட்டுப்பாட்டை இழந்து சோதனைச் சாவடியில் மோதியது. காரிலிருந்த இருவர் மாண்டனர். சாவடியில் கடமையில் நின்ற இருவரும் மாண்டனர். பின்னைய இருவரும் ஓடவில்லை, நின்றுகொண்டிருந்தார்கள்.

எமக்கு இந்த விவாதத்தில் உறுத்துவது இதுதான். வட பிராந்தியத்தின் சனத்தொகையில் கால் பங்குக்கு மேற்பட்டோர் ஆதிக்குடிகள். மாட்டுப் பண்ணைகளுக்காகத் தம் நிலத்தை இழந்தவர்களின் வழிவந்தோர். வீதிகளில் இறப்போரில் அவர்களின் பங்கு சனத்தொகைப் பங்கை விட மிக அதிகம். கால்நடையாகவோ, பழைய வாகனமொன்றில் நெருக்கியடித்தோ போகும் அவர்களுக்கும் 17 நிமிட மிச்சத்துக்கும் என்ன தொடர்பு? களைப்பைப் பற்றியும் சுதந்திரத்தைப் பற்றியும் நிறையப் பேசினார்கள். கண்ணாடிக்கு உள்ளே இருப்பவரின் களைப்பு அது, அவரது சுதந்திரம் அது.

ஜேர்மனியில் எல்லையற்ற வீதிகள் உண்டே என்பார்கள். உண்டுதான். ஆனால் அந்த வீதிகளில் நடந்து போவோருக்கு இடமில்லை, துவிச்சக்கரவண்டிக்கு இடமில்லை, 60 கிலோமீற்றருக்கு மேல் ஓட இயலாத எந்த வண்டிக்கும் இடமில்லை. போவதும் வருவதும் தனித்தனிப் பாதைகள். அதை நெல் காயும் வீதியோடு ஒப்பிடலாகாது.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலம் வேறொரு வழியை முயன்றது. 1995 டிசம்பர் முதல் அங்கு பகலில் "நியாயமான, விவேகமான" வேகத்தில் போகலாம் என்பதே சட்டம், எண் கிடையாது. மணிக்கு சுமார் 137 கிலோமீற்றர் வேகத்தில் போன ஒருவரைப் பிடித்து வழக்கு வைத்தார்கள். அப்படியானால் எந்த வேகம் சரி என்று கேட்டபோது பொலிஸ்காரரால் ஓர் எண்ணைச் சொல்ல முடியவில்லை. சட்டம் தெளிவற்றது என்று 1998 டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் தள்ளியது. 1999 மே மாதத்தில் எண் எழுதிய பலகைகள் வந்தன. விவேகம் ஆளுக்கு ஆள் வேறுபடும். மணிக்கு இத்தனை கிலோமீற்றர் என்று பலகையில் எழுதினால், வீதியோரத்தில் நிற்கும் பிள்ளையும் அதைக் காட்டிக் கேள்வி கேட்கலாம்.

எமது பக்கத்துக்கு வருவோம். 70 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் உலர்ந்த வீதியில் நிற்கவே சுமார் 56 மீற்றர் வேண்டும். பெரியவர் ஒருவரின் நடையில் அது 75 எட்டு. மழை நாளில் இன்னும் கூடும், பழைய பிறேக்குள்ள வண்டிக்கு மேலும் கூடும். உங்கள் படலையிலிருந்து வீதிக்கரையால் 75 எட்டு நடந்து, திரும்பி நின்று பாருங்கள். இடையில் வளைவோ, மதவோ, பற்றையோ மறைக்கிறதா? பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்தும் பாருங்கள். பற்றையென்றால் அடுத்த சிரமதானத்தில் வெட்டிவிடலாம். வளைவென்றால் எச்சரிக்கைப் பலகை கேட்டு, அளந்த எட்டுக் கணக்கையும் எழுதி, ஊரவர் கையொப்பத்துடன் பிரதேச சபைக்குக் கடிதம் கொடுங்கள்.