கண்ணாடித் தொட்டியில் புல் பல்லி

ஒரு சாண் நீளம். அதில் முக்கால் பங்குக்கு மேல் வால். நீளவால் புல் பல்லி என்பார்கள். ஜார்ஜ்டவுன் அடுக்குமாடி வீட்டில் இதை வளர்க்கலாமா?

முதலில் பெர்ஹிலித்தானில் விசாரியுங்கள். 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட பிராணிகளை உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம்.

பூச்சி போட்டால் போதும் என்று நினைக்கிறோம். சிக்கல் வெயிலில்தான், ஐயா! உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேர வைட்டமின் டி வேண்டும். அதைத் தோலில் உண்டாக்கும் புற ஊதாக் கதிரை ஜன்னல் கண்ணாடியே தடுத்துவிடுகிறது. வெளிச்சத்தில்தானே வைத்தோம் என்போம், எலும்பு வளைந்துவிடும். சரி, தொட்டியையே மொட்டை வெயிலில் வைத்தால்? உள்ளேயே வெந்து சாகும். தனி விளக்குகள் கிடைக்கின்றன. அவையும் எரிந்துகொண்டே இருக்கும், கதிர் மட்டும் மாதக் கணக்கில் குறைந்துவிடும்.

வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள். அறுந்து கையோடு வந்துவிடும்.