ரேடாருக்குக் கீழே பார்க்கும் கண்கள்

அமெரிக்காவில் சுமார் 160 டாப்ளர் ரேடார்கள் இரவு பகலாக வானத்தைத் துழாவிக்கொண்டிருக்கின்றன. இடிமழை மேகத்துக்குள் எங்கே மழை, எங்கே ஆலங்கட்டி, எங்கே காற்று சுழல்கிறது என்பதையெல்லாம் அவை காட்டிவிடும். தரையை ஒட்டி நடப்பதுதான் அவற்றின் பார்வைக்குத் தப்பிவிடுகிறது. ரேடார் கதிர் ஏறக்குறைய நேர்கோட்டில் போகிறது, பூமியோ வளைந்திருக்கிறது. கதிரின் தாழ்ந்த கோணமே பெரும்பாலும் அரை டிகிரி மேல்நோக்கித்தான் இருக்கும். 100 கிலோமீட்டர் போவதற்குள் அது தரைக்கு மேல் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தை எட்டிவிடும். அந்த ஒன்றரை கிலோமீட்டருக்குள்தான் வீடுகளும் மரங்களும் மனிதர்களும் இருக்கிறார்கள்.

இந்த இடைவெளியில் நின்று பார்ப்பவர்தான் தன்னார்வப் புயல் கண்காணிப்பாளர். அமெரிக்காவில் அவரை ‘ஸ்டார்ம் ஸ்பாட்டர்’, சுருக்கமாக ‘ஸ்பாட்டர்’ என்பார்கள். கண்ணால் கண்டதை உடனே வானிலை அலுவலகத்துக்குச் சொல்வது அவர் வேலை. அதற்குச் சம்பளம் கிடையாது.

தமிழ்நாட்டுக்குப் பழகிய புயல் வங்கக் கடலில் உருவாகி, நாள்கணக்கில் நகர்ந்து வந்து கரை கடப்பது. அமெரிக்காவின் நடுப்பகுதிச் சமவெளிகளை அலைக்கழிப்பது வேறு வகை. பிற்பகலில் முளைக்கும் ஒரே ஓர் இடிமழை மேகம் சில மணி நேரத்தில் ராட்சத உருவெடுத்து, ஆலங்கட்டியையும் பெருங்காற்றையும் கொட்டிவிட்டுக் கலைந்துவிடும். சில நேரங்களில் அதன் அடியிலிருந்து தரைவரை ஒரு சுழற்காற்றுத் தூண் இறங்கும். அதுதான் டொர்னேடோ. எச்சரிக்கைக்குக் கிடைப்பது சில நிமிடங்களே என்பதால், நேரில் பார்த்தவரின் சொல்லுக்கு அங்கே மதிப்பு அதிகம்.

தேசிய வானிலைச் சேவை வெளியிடும் டொர்னேடோ எச்சரிக்கையில், தகவல் எங்கிருந்து வந்தது என்பதற்கென்றே ஒரு வரி உண்டு. ரேடாரில் சுழற்சி தெரிகிறது என்று அதில் இருந்தால், டொர்னேடோ இருக்கக்கூடும் என்று பொருள். ஸ்பாட்டர்கள் உறுதிசெய்தார்கள் என்று இருந்தால், அது இருக்கிறது என்று பொருள். இந்த வேறுபாடு உயிர்களோடு சம்பந்தப்பட்டது. 2011 மே 22 அன்று மிசௌரி மாநிலத்தின் ஜாப்லின் நகரைத் தாக்கிய டொர்னேடோவில் 158 பேர் இறந்தார்கள். முதல் எச்சரிக்கை வந்ததும் பலர் பாதுகாப்பான இடத்துக்குப் போகவில்லை, வேறு வழியில் உறுதிசெய்துகொள்ளவே முயன்றார்கள் என்று வானிலைச் சேவையின் பிந்தைய ஆய்வு கண்டறிந்தது.

தொடக்கம்

இரண்டாம் உலகப் போரின்போது வெடிமருந்துத் தொழிற்சாலைகளைச் சுற்றி ஆட்களை அமர்த்தி, மின்னல் நெருங்குகிறதா என்று பார்க்க வைத்தார்கள். போர் முடிந்தபின் அதே ஏற்பாடு டொர்னேடோவைக் கவனிக்கப் பயன்பட்டது. 1965 ஏப்ரல் 11, குருத்தோலை ஞாயிறு அன்று மத்திய மேற்கு மாநிலங்களில் வரிசையாக டொர்னேடோக்கள் இறங்கி 250க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டன. ஊர்தோறும் பயிற்சி பெற்ற கண்காணிப்பாளர்கள் தேவை என்ற எண்ணம் அதன்பின் வலுப்பட்டது. ‘ஸ்கைவார்ன்’ திட்டம் உருவானது அப்படித்தான். இன்று அதில் பயிற்சி பெற்றவர்கள் 3,50,000க்கும் மேல்.

சேர்வது எப்படி?

தேசிய வானிலைச் சேவைக்கு நாடெங்கும் 122 முன்னறிவிப்பு அலுவலகங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும், எச்சரிக்கைப் பணியில் பொதுமக்களையும் அரசுத் துறைகளையும் இணைப்பதற்கென ஒரு வானிலையாளர் இருப்பார். ஸ்பாட்டர் வகுப்புகளைப் பெரும்பாலும் அவரே நடத்துவார். குளிர்காலத்தின் கடைசியிலும் வசந்தத்தின் தொடக்கத்திலும், அதாவது இடிமழைப் பருவத்துக்குச் சற்று முன், தீயணைப்பு நிலையம், நூலகம், பள்ளி என உள்ளூர் இடங்களில் வகுப்பு நடக்கும். சுமார் இரண்டு மணி நேரம், கட்டணம் இல்லை. இணையவழி வகுப்புகளும் இப்போது நிறைய உண்டு.

இதற்குப் பட்டப்படிப்போ கருவிகளோ தேவையில்லை. காவலர், தீயணைப்பு வீரர், லாரி ஓட்டுநர், தபால்காரர், விவசாயி, ஆசிரியர் என எல்லாத் தரப்பினரும் ஸ்பாட்டராக இருக்கிறார்கள். வகுப்பு முடித்தவருக்குச் சில அலுவலகங்கள் ஓர் எண்ணைத் தரும்; சில, பெயரைப் பட்டியலில் சேர்ப்பதோடு நிறுத்திக்கொள்ளும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வகுப்பில் மீண்டும் உட்கார வேண்டும் என்பது பல இடங்களில் வழக்கம். வகுப்புக்கு முன் வீட்டிலேயே அடிப்படையைக் கற்க விரும்புவோருக்கு, ‘காமெட்’ என்ற வானிலைக் கல்வி நிறுவனம் ஸ்பாட்டர் பாடங்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது.

மேகத்தைப் படிக்கும் பாடம்

வகுப்பின் பெரும்பகுதி மேகத்தின் உடற்கூறுதான். இடிமழை உருவாக மூன்று வேண்டும்: கீழ்வளியில் ஈரம், மேலே போகப் போக வேகமாகக் குளிரும் நிலையற்ற வளி, அந்த ஈரக்காற்றை மேலே தள்ளிவிடும் ஏதேனும் ஒரு விசை. நான்காவதாக, உயரத்துக்கு உயரம் காற்றின் திசையும் வேகமும் மாறினால் சாதாரண இடிமழைகூடக் கடுமையானதாக மாறலாம். மேலேறும் காற்றே சுழலத் தொடங்கிவிட்ட மேகத்துக்கு ‘சூப்பர்செல்’ என்று பெயர். மிக வலுவான டொர்னேடோக்களும் மிகப் பெரிய ஆலங்கட்டிகளும் பெரும்பாலும் இதிலிருந்தே வருகின்றன.

புதிதாக வருபவர் முதலில் பழக வேண்டியது, மேகத்தில் எந்தப் பகுதி எது என்று பிரித்தறிவது. காற்று இறங்கும் பகுதியில் மழையும் ஆலங்கட்டியும் திரைபோல் தொங்கும். காற்று ஏறும் பகுதியின் அடி, மழையின்றிக் கறுத்துத் தட்டையாக இருக்கும். வடகிழக்காக நகரும் வழக்கமான சூப்பர்செல்லில் இந்த மழையற்ற அடிப்பகுதி தென்மேற்கு ஓரத்தில் அமையும். எனவே புயலுக்குத் தென்கிழக்கே நின்று மேற்கையும் வடமேற்கையும் பார்ப்பது பொதுவாகச் சிறந்தது. அங்கிருந்து பார்த்தால் மழைத்திரை கண்ணை மறைக்காது. விலகிப்போகத் தெற்கே வழியும் இருக்கும்.

மழையற்ற அடிப்பகுதியிலிருந்து ஒரு கட்டி மட்டும் கீழே தாழ்ந்து தொங்கினால் அது ‘சுவர் மேகம்’. அது நிலைத்து நின்று மெல்லச் சுழன்றால் கவனத்தைக் கூட்ட வேண்டிய நேரம். அதிலிருந்து கூம்பு இறங்கி, தரைக்கு எட்டாமல் இருந்தால் அது புனல் மேகம். தரையில் சுழல் இருந்தால் அது டொர்னேடோ. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். கூம்பு பாதி உயரத்தில் நின்றுவிட்டதுபோல் தோன்றினாலும், அதற்கு நேர்கீழே தரையில் புழுதியும் குப்பையும் சுழன்றால் டொர்னேடோ தரையைத் தொட்டுவிட்டது என்றே பொருள். காற்றுக்கு நிறமில்லை; நாம் பார்ப்பது அதில் நீர்த்துளிகளாகத் திரண்ட ஈரத்தையும் அது தூக்கிய மண்ணையும்தான்.

ஏமாற்றும் உருவங்கள்

தவறான தகவல்களில் பெரும்பாலானவை பொய்யால் வருவதில்லை, அவசரத்தால் வருகின்றன. மழைக்குப் பின் தாழ்வாக மிதக்கும் பிசிறு மேகங்கள் தூரத்திலிருந்து கூம்புபோல் தெரியும். தொலைவில் பெய்யும் மழைத் தூணும், வயலில் எரியும் தாளின் புகையும் அப்படியே. புயலின் முன்விளிம்பில் நீண்டு வரும் ‘அலமாரி மேகம்’ பார்ப்பவரைக் கதிகலங்க வைக்கும். அது முன்கூட்டிச் சொல்வது பலத்த நேர்க்காற்றையே. அதையும் சுவர் மேகத்தையும் பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. அலமாரி மேகம் மழையிலிருந்து விலகிச் சரியும். சுவர் மேகம் மழையை நோக்கிச் சரியும்.

சோதித்துப் பார்க்கப் பொறுமை ஒன்று போதும். ஒரு மின்கம்பத்தையோ மரத்தையோ அசையாத அடையாளமாக வைத்துக்கொண்டு, அந்த உருவத்தை ஓரிரு நிமிடம் பார்க்க வேண்டும். பம்பரம்போல் நிலைக்குத்தான அச்சில் சுழல்கிறதா, அல்லது சும்மா நெளிந்து கலைகிறதா என்பது தெரிந்துவிடும். சுழற்சி இல்லையென்றால் டொர்னேடோ என்ற சொல்லை உச்சரிக்கக் கூடாது.

எதைச் சொல்ல வேண்டும்?

இடிமழை ‘கடுமையானது’ என்று அறிவிக்கப்பட அமெரிக்காவில் திட்டமான அளவுகோல் உண்டு: ஒரு அங்குலம், அதாவது 2.5 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஆலங்கட்டி, அல்லது மணிக்கு 58 மைல், அதாவது சுமார் 93 கிலோமீட்டர் வேகக் காற்று. ஆலங்கட்டிக்கான அளவு முன்பு முக்கால் அங்குலமாக இருந்தது. 2010இல் நாடு முழுவதும் ஒரு அங்குலமாக உயர்த்தப்பட்டது.

ஆலங்கட்டியை அளக்க அளவுகோல் கைவசம் இல்லாவிட்டால், அளவு மாறாத பொருளோடு ஒப்பிட வேண்டும். கால் டாலர் நாணயம் ஒரு அங்குலம், கோல்ஃப் பந்து ஒன்றேமுக்கால் அங்குலம், பேஸ்பால் இரண்டேமுக்கால் அங்குலம். கோலிக்குண்டு அளவு என்று சொல்வதை வகுப்பிலேயே தடுத்துவிடுவார்கள். கோலிக்குண்டு ஒன்று போல் ஒன்று இருப்பதில்லை. தெற்கு டக்கோட்டாவின் விவியன் என்ற சிற்றூரில் 2010 ஜூலை 23 அன்று விழுந்த கட்டி 8 அங்குல விட்டமும் கிட்டத்தட்ட 880 கிராம் எடையும் இருந்தது. அமெரிக்காவில் அளந்து பதிவானவற்றில் பெரியது என்று அது பெயர் பெற, கையில் எடுத்து அளந்து வைத்தவர் ஒருவர் இருந்ததே காரணம்.

காற்றின் வேகத்தைக் கூட்டிச் சொல்வது மனித இயல்பு. அதனால் விளைவைச் சொல்வதே மேல். முழு மரமும் ஆடுகிறதா, சுள்ளிகள் முறிகின்றனவா, பெருங்கிளை விழுந்ததா, கூரை பெயர்ந்ததா? விழுந்த கிளை எவ்வளவு பருமன், மரம் நல்ல மரமா, உளுத்ததா என்பதையும் சேர்த்துச் சொன்னால் முன்னறிவிப்பாளர் வேகத்தைக் கணித்துக்கொள்வார். சாலையை மூடிய வெள்ளமும் சொல்ல வேண்டியதே. எவ்வளவு ஆழம், ஓடுகிறதா, தேங்கியிருக்கிறதா என்பதோடு.

எப்படிச் சொல்ல வேண்டும்?

நேரம், நிகழ்ச்சி, இடம் என்ற மூன்றும் இல்லாத தகவல் பயன்படாது. நேரம் என்பது பார்த்த நேரம், தொலைபேசியை எடுத்த நேரம் அல்ல. இடம் என்பது நிகழ்ச்சி நடக்கும் இடம், ஸ்பாட்டர் நிற்கும் இடம் அல்ல. “மாலை 5.42. டொர்னேடோ தரையைத் தொட்டிருக்கிறது. நான் நிற்கும் நெடுஞ்சாலைச் சந்திப்புக்கு மேற்கே 3 மைல். வடகிழக்காக நகர்கிறது” என்ற நான்கு சிறு வாக்கியங்களில் எல்லாம் அடங்கிவிடும். பிறர் சொல்லக் கேட்டதானால் அதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

தகவலை அனுப்ப, ஸ்பாட்டர்களுக்கென்று அலுவலகம் தரும் தொலைபேசி எண்ணும் இணையப் படிவமும் உண்டு. செல்போன் கோபுரம் சாய்ந்த பிறகும் வேலைசெய்வது ‘ஹாம்’ எனப்படும் அமெச்சூர் வானொலி. புயல் நாளில் ஹாம் வானொலியாளர்கள் ஓர் அலைவரிசையில் கூடுவார்கள். ஒருவர் ஒழுங்குபடுத்த, மற்றவர்கள் முறைவைத்துப் பேசுவார்கள். ஸ்பாட்டராக ஹாம் உரிமம் கட்டாயமில்லை. பெற விரும்பினால், 35 கேள்விகளில் 26க்குச் சரியாக விடை எழுதினால் முதல்நிலை உரிமம் கிடைக்கும். எதுவும் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பதற்கு உரிமமே தேவையில்லை. புதியவர் ஒரு பருவம் முழுக்க அப்படிக் கேட்டாலே, எது தகவல், எது இரைச்சல் என்பது பிடிபட்டுவிடும்.

முதலில் தன் உயிர்

ஸ்பாட்டர் புயலைத் துரத்துபவர் அல்ல. துரத்துபவர் புயலைத் தேடிப் பல நூறு மைல் வண்டி ஓட்டுவார்; ஸ்பாட்டர் தன் ஊருக்கு வரும் புயலைத் தன் ஊரிலிருந்து பார்ப்பார். பலர் வீட்டு வாசலை விட்டு நகர்வதே இல்லை. வண்டியில் சுழல்விளக்கு பொருத்தவோ, வேக வரம்பை மீறவோ, அடுத்தவர் நிலத்தில் நுழையவோ எந்தச் சிறப்பு அதிகாரமும் அவருக்குக் கிடையாது.

விழிப்பு, தொடர்பு, தப்பும் வழி, பாதுகாப்பான இடம் என்ற நான்கையும் வெளியே கிளம்பும் முன்பே உறுதிசெய்துகொள்ளச் சொல்வது பயிற்சியின் விதி. இடிமேகத்திலிருந்து 16 கிலோமீட்டர் தள்ளியும் மின்னல் விழக்கூடும். ஆகவே வண்டிக்குள்ளிருந்தே பார்ப்பது நல்லது. ஓடும் வெள்ளம் ஓரடி இருந்தால் சிறிய காரையும், இரண்டடி இருந்தால் பெரும்பாலான வண்டிகளையும் இழுத்துப்போகும். மேம்பாலத்தின் அடி புகலிடம் அல்ல. காற்று அங்கே குறுகி இன்னும் வேகமாகப் பாயும். இருட்டிய பிறகு வண்டியில் சுற்றுவதைத் தவிர்க்க வேண்டும்.

அனுபவம் மட்டுமே கவசமாகாது என்பதற்கு ஓக்லஹோமாவின் எல் ரீனோ சாட்சி. 2013 மே 31 அன்று அங்கே இறங்கிய டொர்னேடோ 4.2 கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்து, திடீரெனத் திசையும் மாறியது. பல ஆண்டுகள் டொர்னேடோக்களை ஆராய்ந்த டிம் சமாராஸும், அவர் மகன் பாலும், உடனிருந்த கார்ல் யங்கும் அதில் இறந்தார்கள்.

முதல் பருவம்

புதியவர் வீட்டைச் சுற்றியே தொடங்கலாம். எந்தப் பக்கம் அடிவானம் மறைவின்றித் தெரிகிறது, எந்த மரமும் கோபுரமும் எத்தனை மைல் தூரம் என்று முன்பே அளந்து குறித்துக்கொண்டால், புயல் நேரத்தில் தூரம் சொல்வதில் தடுமாற்றம் வராது. சாதாரண இடிமழைகளைப் பார்த்துப் பார்த்து, அதே நேரத்து ரேடார் படத்தோடு ஒப்பிட்டுப் பழகலாம். மழைமானி ஒன்றை வைத்து, 1998இல் கொலராடோவில் தொடங்கிய ‘கோகோராஸ்’ என்ற தன்னார்வ மழை அளவீட்டு வலையமைப்பிலும் சேரலாம். அளந்து, நேரம் குறித்து, கூட்டாமல் குறைக்காமல் சொல்லும் பழக்கம் அதில் தானாக வந்துவிடும்.

அனுப்பிய தகவல் அன்றைய எச்சரிக்கையோடு முடிந்துவிடுவதில்லை. எச்சரிக்கை பலித்ததா என்று சரிபார்க்கவும், ‘ஸ்டார்ம் டேட்டா’ என்ற அரசுப் பதிவில் சேர்க்கவும், பிற்கால ஆய்வுக்கும் அது பயன்படுகிறது. அலுவலகம் தானே அழைத்துக் கேட்கும்போது, இங்கே ஆலங்கட்டி இல்லை, சுழற்சி இல்லை, மழை மட்டும்தான் என்று சொல்வதும் அந்தக் கணக்கில் சேரும். ரேடார் திரையில் பயமுறுத்தும் ஒரு மேகம் தரையில் சாதுவாக இருக்கிறது என்பதை, அதற்குக் கீழே நிற்பவர்தான் சொல்ல முடியும்.