உங்களுக்குத் தெரியுமா? ரூத்தோடு நின்ற எழுத்தாணி

1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மறைப்பணியாளர் சீகன்பால்கு, பண்டை இஸ்ரவேலரின் மறைநூலான பழைய ஏற்பாட்டை ‘ரூத்’ புத்தகம் வரை தமிழாக்கிவிட்டு, 1719இல் 36 வயதிலேயே மறைந்தார். ரூத், அறுவடை வயலில் ஆட்களின் பின்னே சிந்திய கதிர் பொறுக்கிய ஏழைப் பெண். காவிரிக்கரையில் இந்தக் காட்சிக்கு உரையே வேண்டாம். அங்கே வாற்கோதுமை, இங்கே நெல், அவ்வளவுதான்.

இன்னும் சற்றுத் தொடர்ந்திருந்தால் ‘இராஜாக்கள்’ முதல் புத்தகத்தை எட்டியிருப்பார். இஸ்ரவேல் மன்னன் சாலொமோனின் கப்பல்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறை பொன், வெள்ளி, தந்தம், குரங்குகளோடு கொண்டுவந்த ‘துக்கி’ அங்கேதான் வருகிறது. மயில் என்று பொருள் கொள்ளப்படும் இந்த எபிரேயச் சொல் தமிழின் ‘தோகை’யே என்றார் மொழியறிஞர் கால்டுவெல். எல்லாரும் இல்லாவிட்டாலும் அறிஞர் பலர் ஏற்கிறார்கள். எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது. சீகன்பால்கு விட்டுச்சென்ற மிச்ச மொழிபெயர்ப்பை முடித்தவர் அவருக்குப் பின் வந்த மறைப்பணியாளர் பெஞ்சமின் ஷூல்ட்சே.